முடிவிலிக்குப் புகைமூட்டம்

லோரோங் கூலிட் ஞாயிற்றுச் சந்தை,
தார்ப்பாய் மேல் கிடந்தது.
ஒரு பக்கம் துருப்பிடித்த இஸ்திரிப்பெட்டி,
மறுபக்கம் கால்குலேட்டர்கள்.
"ரோசாக்" என்றார் சூன் கெங்,
விலையைச் சொல்வதற்கு முன்பே.
நாற்பது வெள்ளி.
பொத்தானை அழுத்தினேன். மூடி விழுந்து துருத்தி விரிந்து
கண்ணாடி முன்னால் வந்து நின்றது,
கதவைத் தட்டியதும் எட்டிப் பார்ப்பவர்போல.
கெட்டுப்போன பொருள் இப்படி வராது.

துருத்தியில் ஓட்டை இல்லை,
குளியலறை இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
நோய் முன்கண்ணில்.
தூர வளையம் அசைய மறுத்தது.
∞ என்ற இடத்தில் முள் நிற்க,
படச்சுருள் ஓடும் தடத்தில் நான் ஒட்டிய மங்கல் டேப்பில்
பாலம் இல்லை, கடல் இல்லை,
வெறும் கஞ்சி.
பால்கனிக் கொடியில் ஒரு துணிக்கவ்வி மட்டும்
பல்லெல்லாம் தெரியத் தெளிவாக இருந்தது.
அளவுநாடா பிடித்தேன். ஆறடி.

பாயான் லெப்பாஸில் இருபத்திரண்டு வருடமாக
மைக்ரான் கணக்கில் இயந்திரங்களைச் சரிபார்க்கிறவள் நான்.
போன வருடம் வெள்ளெழுத்து வந்தது.
அதற்குத் தூரம் தெரியாது, எனக்குக் கிட்டம்.
இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆள் தேறும் என்று
சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம்.

வளையத்தின் விளிம்பில் மூன்று திருகாணிகள்,
எள்ளில் பாதி.
மூன்றின் தலையிலும் சிவப்பு.
துரு என்றுதான் நினைத்தேன். நகப்பூச்சு.
ஆக, இது பழுதல்ல. யாரோ
ஆறடியில் நிறுத்திப் பூட்டி
முத்திரை வைத்திருக்கிறார்.
யாரை அத்தனை முறை
அதே ஆறடியில் உட்காரவைத்தார்?
அடையாள அட்டைக்கு வந்தவர்களையா,
ஒரே ஒருத்தியையா?
தெரியாது. நான் விடுகதைக்காக வாங்கவில்லை.

பல்குச்சி நுனியில் ஒரு சொட்டு அசிட்டோன்.
மூன்றாவது திருகாணி தரையில் விழுந்தது,
கைப்பேசி வெளிச்சத்தில் அரைமணி நேரம் மண்டியிட்டேன்.
கிரீஸ் பச்சை மெழுகாகியிருந்தது.
லைட்டர் எண்ணெய், முடி உலர்த்தி, மறுபடி எண்ணெய்.
மூன்றாம் இரவு பிடி விட்டது.
கழற்றக் கழற்றச் சுற்றை எண்ணி
கையுறைப் பெட்டி மேல் எழுதினேன்: மூன்றே முக்கால்.
புதுக் கிரீஸ், அரிசிமணி அளவு.
இனி வேண்டியது முடிவிலி மட்டும்.

அந்த வாரம் பார்த்து சுமத்ராவில் காடு எரிந்தது.
பதினோரு நாள் அக்கரை இல்லை.
பதினான்காம் மாடியிலிருந்து பார்த்தால்
பாலம் பாதிக் கடலில் முடிந்துபோயிருந்தது.
பட்டர்வொர்த்தில்தான் கோகிலா இருக்கிறாள்.
அந்தக் கதை இங்கே வேண்டாம்.
ஐம்பது அடியைத் தாண்டினால்
இந்த வளையத்துக்கு எல்லாம் ஒரே தூரம்:
துறைமுகப் பளுதூக்கி, நிலா, கூடப்பிறந்தவள்.

பன்னிரண்டாம் நாள் மழை.
மாலை ஐந்தரைக்குக் கழுவிவிட்ட வெயில்.
ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி,
உருப்பெருக்கியில் கண் வைத்து,
முன்கண்ணை மயிரிழை மயிரிழையாக உள்ளே திருப்பினேன்.
கஞ்சியில் கோடு விழுந்தது.
நான்கு பளுதூக்கிகள்,
கரையைப் பிடித்து வௌவால்போல் தலைகீழாக.
ஒரு கப்பல் கூரையில் ஊர்ந்தது.
சற்றுக் கடந்தேன், மங்கியது. திரும்பி வந்தேன்.
கடந்தேன். வந்தேன்.
அங்கே.
வளையத்தை ∞-இல் பொருத்தி மூன்றையும் முடுக்கினேன்.

முத்திரை வைக்க வீட்டில் நகப்பூச்சு கிடையாது.
தூசியில்லா அறையில் வேலை, விரலில் எதுவும் கூடாது.
எதிர்வீட்டு நோர்லியானாவைக் கேட்டேன்.
மூன்று புட்டிகளோடு வாசலில் வந்து நின்றாள்.
"எந்த நிறம், காக்?"
எதுவானாலும் சரி என்றேன்.
கேமரா கையில் இருந்தது.
எனக்கும் அவளுக்கும் நடுவே அடிக்கொரு டைல்ஸ்,
எண்ணினேன், ஆறு.
வளையம் சத்தமில்லாமல் திரும்பியது.
"அசையாதே" என்றேன்.
தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.
உள்ளே பிலிம் இல்லை என்று நான் சொல்லவில்லை.